பிளாக் ஃபாரஸ்ட்டின் புளிப்பு: கடிதமும் பதிலும்

ஐயாவுக்கு வணக்கமுங்க,

கோபியில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். வாரம் நாலைந்து பிளாக் ஃபாரஸ்ட் ஆர்டர் வரும். போன வாரம் ஒரு விசேஷத்தில், ஜெர்மனியில் வேலை பார்க்கும் உறவுக்காரர் என் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, "இது பிளாக் ஃபாரஸ்ட்டே இல்லை. சாராயமும் இல்லை, செர்ரியும் செர்ரி இல்லை" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இந்தக் கேக்கை உண்மையில் யார், எந்த ஊரில் முதலில் செய்தார்கள்? முட்டையில்லாமல் செய்வது தப்புங்களா? மேலே வைக்கிற சிவப்புச் செர்ரி களாக்காய்தானாமே, அது ஏமாற்று வேலை இல்லையா? டின் செர்ரி வாங்கினால் கட்டுபடியாகவில்லை.

எஸ்., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மணி,

சபையில் வைத்து அப்படிச் சொன்னது தவறு. அதற்காக நீங்கள் குன்றிப்போக வேண்டாம். அவருக்குத் தெரிந்தது ஒரு ஊர்க் கேக்; உலகத்தில் இந்தப் பெயரில் பல கேக் இருக்கிறது.

பிறந்த ஊர்ச் சண்டை ஜெர்மனியிலேயே தீரவில்லை. 1915-ல் பாட் கோடஸ்பெர்க்கில் தானே முதலில் செய்ததாகச் சொன்னார் யோசஃப் கெல்லர். அந்த ஊர் பான் நகரத்தோடு சேர்ந்தது, கேக்குக்குப் பெயர் தந்த பிளாக் ஃபாரஸ்ட் என்கிற கருங்காட்டுக்கு வெகு வடக்கே. இல்லை, 1930-ல் டியூபிங்கனில் எர்வின் ஹில்டன்பிராண்ட் செய்ததே முதல் என்கிறது இன்னொரு கட்சி. அச்சில் வந்தது 1934-ல்தான். பெயருக்கும் காரணம் இரண்டு சொல்கிறார்கள்: அந்தக் காட்டுப்பக்கம் காய்ச்சும் செர்ரிச் சாராயமான கிர்ஷ்வாசர் ஒன்று, அங்கத்திப் பெண்கள் அணியும் சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பி மற்றொன்று. ஸ்வீடனில் இதே பெயரில் கொட்டைப்பருப்புப் பொடி கலந்த மெரிங்க் (முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் சுட்டது) அடுக்குகளுக்கு நடுவே கிரீம் வைக்கிறார்கள், செர்ரியே கிடையாது. நம் ஒப்புட்டைச் சென்னையில் போளி என்கிறார்கள், கன்னடத்தில் ஹோளிகெ. யாருடையது மூலம் என்று கேட்டா சாப்பிடுகிறோம்?

சாராய விஷயத்தில் உறவுக்காரர் சொன்னது அங்கே சரி. கிர்ஷ்வாசரின் சுவை நாக்கில் தெரியாமல் அந்தப் பெயரில் ஜெர்மனியில் விற்க முடியாது. இங்கே பிறந்தநாள் கேக்கைக் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள், விட்டுவிடுங்கள். முட்டையில்லாமல் தாராளமாகச் செய்யலாம். தயிரும் ஆப்பசோடாவும் போடும்போது சோடா மிஞ்சினால் சோப்பு வாடை அடிக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

களாக்காயை ஏமாற்று என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நம் கரட்டுச் செடியில் காய்க்கும் காய், அம்மணி! வெகுநாளாக என் மனதில் கிடக்கிற விஷயம் இது. பாக்கெட்டின் பின்னால் பாருங்கள், பெரும்பாலும் கரோண்டா என்று, களாக்காயின் இந்திப் பெயரைப் போட்டிருக்கும். பழுக்காத காயைக் கீறி, விதை எடுத்து, இருந்த நிறத்தையும் புளிப்பையும் வெளியேற்றி, சிவப்புச் சாயம் ஏற்றி, நாள்கணக்கில் சர்க்கரைப்பாகின் அடர்த்தியைக் கூட்டிக்கூட்டி ஊறவைக்கிறார்கள். கடைசியில் மிஞ்சுவது சிவப்பான சர்க்கரை. ஏமாற்று என்றால் அந்தப் பக்குவத்தைச் சொல்லுங்கள். காய் என்ன பாவம் செய்தது?

ஜெர்மனியில் இந்தக் கேக்குக்குப் போடுவது புளிப்புச் செர்ரி. கிரீமின் கொழுப்பையும் ஸ்பான்ஜின் இனிப்பையும் வெட்டுவதற்குத்தான் அது உள்ளே போகிறது. நம் பேக்கரிகளில் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த ஸ்பான்ஜ், ஏற்கெனவே இனிப்புச் சேர்த்த தாவரக்கொழுப்பு கிரீம், அதற்கு மேல் சர்க்கரைச் செர்ரி. மூன்றும் இனிப்பு, அதனால்தான் இரண்டாவது துண்டு திகட்டுகிறது. உங்கள் கேக்கில் இல்லாமல் போனது புளிப்பு. அந்தப் புளிப்பு நம் களாப்பழத்தில் அப்படியே இருக்கிறது.

ஒரு கிலோ கேக்குக்கு, விதை நீக்கிய பழம் 300 கிராம். கருஞ்சிவப்பாக, அழுத்தினால் லேசாகக் குழைவதாகப் பார்த்து எடுங்கள். முழுக்கக் கறுத்தது இனிப்பேறிவிடும். கீறினால் பால் வரும், கையிலும் கத்தியிலும் ஒட்டும். உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு இரண்டு முறை அலசுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்; எவர்சில்வர் போதும். 120 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர் சேர்த்துச் சிறுதீயில் ஐந்து நிமிடம். இப்போதே 100 மில்லி சாற்றை வடித்து, ஆறியதும் 50 மில்லி தண்ணீர் கலந்து வையுங்கள். சுகர் சிரப்புக்குப் பதில் இதுதான், மூன்று அடுக்குக்கும் ஆளுக்கு 50 மில்லி. கூடினால் அடுக்கு வழுக்கும்.

மீதிப் பழத்தில் ஒரு டீஸ்பூன் சோளமாவைக் கரைத்து ஊற்றி, இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். டின் செர்ரிக்குச் சொல்கிற அளவு சோளமாவை இதற்குப் போடாதீர்கள். களாவில் பாகை இறுகவைக்கும் பெக்டின் அதிகம், ஜெல்லி செய்கிற பழம் இது. விட்டுக் கொதிக்கவைத்தால் ஃபிரிட்ஜில் ரப்பராகிவிடும். சூடு துளிகூட இல்லாமல் ஆறவேண்டும், இல்லாவிட்டால் கிரீம் இளகி ஓடும்.

ஸ்பான்ஜ் உங்களுக்குத் தெரிந்ததுதான்: எட்டு அங்குல டின்னுக்கு 4 முட்டை, 120 கிராம் சர்க்கரை, 90 மைதா, 30 கோகோ, 30 உருக்கிய வெண்ணெய். கோகோவில் இருக்கும் கொழுப்பு முட்டை நுரையை அமுக்கும். மைதாவோடு சேர்த்து மூன்று முறை சலித்து, நுரை அடங்காமல் மடித்துக் கலந்து, உடனே ஓவனில் வையுங்கள். சூட்டோடு அறுக்காதீர்கள், மறுநாள் அறுத்தால் உதிராது.

பால் கிரீம் 35 விழுக்காடு கொழுப்பாவது இருந்தால்தான் நிற்கும். 25 விழுக்காட்டுப் பாக்கெட்டை எவ்வளவு அடித்தாலும் ஏறாது. சித்திரை வெயிலில் பாத்திரம், விஸ்க் எல்லாவற்றையும் ஃபிரீசரில் வைத்தெடுத்து அடிக்க வேண்டும். டெலிவரி தூரமென்றால் தாவரக்கொழுப்பு கிரீமையும் பாதிக்குப் பாதி சேருங்கள், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மேற்கொண்டு சர்க்கரை போடக்கூடாது.

அடுக்கும்போது பழத்தைக் கொட்டிப் பரப்பாதீர்கள். ஓரத்தில் ஒரு கிரீம் வளையம், நடுவில் ஒரு பொட்டு, இடையில் ஒன்று. வளையங்களுக்கு நடுவே பழம், மேலே மெல்லிசாகக் கிரீம். அப்போதுதான் சாறு வெளியே கசிந்து வெள்ளையைக் கறையாக்காது. மேலே சிவப்புச் செர்ரிதான் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தவர் கேட்டால் வைத்துக்கொடுங்கள், உள்ளே களாப்பழம் இருக்கட்டும். முதலில் அரைக்கிலோ மட்டும் போட்டுப் பாருங்கள். புளிப்புப் போதாது என்று பட்டால், பழத்தை இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன் விடலாம்.