கேளுங்க, பேசுவோம்: 1982-ல வந்த 'ட்ரான்' படத்தை இப்போ பார்க்கணுமா?

'ட்ரான்' வரிசையில மூணாவது படமான 'ட்ரான்: ஏரிஸ்' 2025 அக்டோபர் 10-ஆம் தேதி தியேட்டருக்கு வந்துச்சு, இந்தக் கேள்வி-பதில் அதுக்கு முன்னாடி எழுதினது. வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அதைப் பத்தித்தான், அதுலயும் பழைய படத்தைப் பத்தித்தான், அதனால இந்த தடவை முழுப் பக்கமும் அதுக்கே.

என் பையன் முதல் நாளே 'ஏரிஸ்' போகணும்னு நிக்கிறான். அதுக்கு முன்னாடி கதை புரியட்டுமேன்னு வீட்ல 1982 படத்தைப் போட்டோம். இருபது நிமிஷத்துல அவன் எந்திரிச்சுப் போயிட்டான், எனக்கும் பழைய வீடியோ கேம் பார்க்கிற மாதிரிதான் இருந்துச்சு. முழுசா பார்த்துத்தான் ஆகணுமா?
*(ஒரு வாசகர், திருநெல்வேலி)*

கதை தெரிஞ்சுக்க மட்டும்னா பார்க்க வேண்டாங்க, இங்கேயே சொல்லிடறேன். கெவின் ஃபிளின்னு ஒரு ப்ரோகிராமர், அவர் எழுதின வீடியோ கேமை எல்லாம் கம்பெனில மேல இருக்கிற டில்லிஞ்சர் திருடி தன் பேர்ல போட்டுக்கிட்டு பெரிய ஆளாயிடறான். அதுக்கான ஆதாரத்தை கம்பெனி கம்ப்யூட்டர்ல தேடப் போற ஃபிளின்னை, அந்த கம்ப்யூட்டரை ஆட்டிப் படைக்கிற மாஸ்டர் கன்ட்ரோல் ப்ரோகிராம் ஒரு லேசரால உள்ளே இழுத்துப் போட்டுடுது. உள்ளே ஒவ்வொரு ப்ரோகிராமும் அதை எழுதினவங்க முகத்தோட ஒரு மனுஷனா அலையுது. ஃபிளின்னோட ஃப்ரெண்டு ஆலன் எழுதின பாதுகாப்பு ப்ரோகிராம்தான் ட்ரான். ரெண்டு பேரும் சேர்ந்து அந்த மாஸ்டரை அழிச்சுட்டு வெளியே வர்றாங்க. அவ்ளோதான் கதை.

ஆனா என்னைக் கேட்டா கட்டாயம் முழுசா பாருங்கன்னுதான் சொல்லுவேன். நீங்க நிறுத்தின அந்த ஆரம்பப் பகுதிதான் படத்தோட பலவீனமான இடம், யார் யாருன்னு சொல்லாமலே உள் உலகத்தையும் வெளி உலகத்தையும் மாத்தி மாத்திக் காட்டி குழப்பிடுவாங்க. ஃபிளின் உள்ளே போனதுக்கு அப்புறம்தான் படமே ஆரம்பிக்குது, பின்னாடி ஒளிச் சுவரை விட்டுக்கிட்டே ஓடுற பைக்குங்க மோதற லைட் சைக்கிள் ரேஸ் அதுக்கும் அப்புறம்தான் வரும். நடுவுல சோலார் செய்லர்ங்கிற பறக்கும் கப்பல்ல போற பகுதி கொஞ்சம் இழுக்கும், ஆலனோட காதலி லோரா கேரக்டருக்கு இன்னும் நிறைய வேலை கொடுத்திருக்கலாம், அதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் அந்தக் கருப்பும் நீலமும் சிவப்புமான உலகம் மாதிரி ஒண்ணை அதுக்கு முன்னாடியும் யாரும் காட்டலை, அதுக்கு அப்புறமும் காட்டலை. பையனை திரும்ப உட்கார வைங்க சார்.

விஷுவல் எஃபெக்ட்ஸ் படிக்கிறேன். 'ட்ரான்' முழுக்க கம்ப்யூட்டர்ல செஞ்ச முதல் படம்னு கிளாஸ்ல சொன்னாங்க. அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல அது எப்படி முடிஞ்சுது?
*(ஒரு மாணவி, சென்னை)*

முழுக்க இல்லைம்மா. சுத்தமா கம்ப்யூட்டர்ல செஞ்ச காட்சிகள் மொத்தமே 15-லேர்ந்து 20 நிமிஷம்தான், படம் ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஓடும். மிச்சம் பூராவும் கை வேலை, இந்தப் படத்தைப் பத்தி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான்.

நடிகர்களை கருப்பு செட்ல, கருப்புக் கோடு போட்ட வெள்ளை டிரஸ்ல நிக்க வச்சு, 65 எம்எம் ப்ளாக் அண்ட் ஒயிட் ஃபிலிம்ல எடுத்தாங்க. அப்புறம் ஒவ்வொரு ஃப்ரேமையும் பெரிய ஷீட்டா பிரிண்ட் போட்டு, முகம் தனியா, கண்ணு தனியா, உடம்புல ஓடுற அந்த சர்க்யூட் கோடு தனியான்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மறைப்புத் தாள் வரைஞ்சு, பின்னாடிலேர்ந்து லைட் அடிச்சு, கலர் ஃபில்டர் வச்சு, ஒரே ஃபிலிம் மேல திரும்பத் திரும்ப கேமராவுல பதிவு பண்ணாங்க. ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இத்தனை வேலைன்னா நினைச்சுப் பாரு. இந்த மை தீட்டற, கலர் அடிக்கற வேலைக்கு தைவான்ல மட்டும் 200 பேர். படத்துல அந்த டிரஸ் ஒளிருதே, அது ஏதோ ஒரு தைவான் கலைஞர் கையால வந்த ஒளி. செலவும் உழைப்பும் தாங்காதுன்னு அதுக்கப்புறம் ஒரு முழுப் படத்துக்கு யாரும் இந்த முறையைத் தொடவே இல்லை. சில இடத்துல உடம்போட ஒளி திடீர்னு மினுங்கும் பாரு, ஃபிலிம் பெட்டிகளை வரிசை மாத்தி எடுத்ததால வந்த குறை அது, டைரக்டர் ஸ்டீவன் லிஸ்பெர்கர் அதுக்கு ஒரு சத்தத்தைச் சேர்த்து, அந்த உலகத்துல கரண்ட் ஏறி இறங்குற மாதிரி மாத்திட்டார்.

இப்போ கம்ப்யூட்டர் பகுதிக்கு வரேன். மேஜி, ட்ரிபிள் ஐ, ராபர்ட் ஏபெல், டிஜிட்டல் எஃபெக்ட்ஸ்னு நாலு கம்பெனி பிரிச்சு வேலை பார்த்தாங்க. அவங்ககிட்ட இருந்த மெஷின்ல மெமரி 2 எம்பி, டிஸ்க் 330 எம்பிக்குள்ளதான், உன் ஃபோன்ல இருக்கிற ஒரு ஃபோட்டோவே சில சமயம் அந்த மெமரியைத் தாண்டிடும். லைட் சைக்கிள், டேங்க், ரெகக்னைசர்ங்கிற பறக்கும் காவல் மெஷின் எல்லாம் மேஜி செஞ்சது. அந்தக் கம்பெனி ஆரம்பத்துல அணுக் கதிர்வீச்சு எங்கே பாயும்னு கணக்குப் போட்டுட்டிருந்தவங்க, அதே கணக்கை ஒளிக்குத் திருப்பினா படம் வந்துடும்னு கண்டுபிடிச்சாங்க. அவங்க முறையில உருண்டை, கூம்பு, உருளை, பெட்டி இந்த மாதிரி எளிமையான வடிவங்களைத்தான் குழந்தைங்க மரக்கட்டையை அடுக்குற மாதிரி சேர்க்கவும் வெட்டவும் முடியும். அதனாலதான் லைட் சைக்கிள் அவ்ளோ சுத்தமான வளைவோட இருக்கு. டிசைன் பண்ண சிட் மீட் முதல்ல வரைஞ்சப்போ ஓட்டறவர் வெளியே தெரியற மாதிரிதான் வரைஞ்சார், மனுஷ உருவத்தை அந்தக் கம்ப்யூட்டரால செய்ய முடியாதுன்னதும் வண்டியோட ஓடு ஆளை மூடிக்கிற மாதிரி மாத்தினாங்க. இன்னைக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது அந்த மூடின வண்டிதான்.

அசைவு எப்படின்னு கேட்டா நீ ஆடிப் போயிடுவே. மவுஸ் வச்சு இழுத்து விடற சாஃப்ட்வேர் எதுவும் கிடையாது. ஒரு பொருள் ஒரு ஃப்ரேம்ல எங்கே இருக்குன்னு மூணு நம்பர், எந்தப் பக்கம் எவ்ளோ திரும்பியிருக்குன்னு மூணு நம்பர், ஆக ஆறு. ஒரே ஒரு வண்டி நாலு செகண்ட் ஓடணும்னா 96 ஃப்ரேம், 576 நம்பர். பில் க்ரோயர், ஜெர்ரி ரீஸ் மாதிரி அனிமேட்டர்கள் கலிபோர்னியால உட்கார்ந்து இதைப் பேப்பர்ல எழுத எழுத, நியூயார்க் பக்கம் இருந்த மேஜி ஆளுங்க அதை டைப் பண்ணி உள்ளே ஏத்தினாங்க. டெஸ்ட் பார்க்கிறதுக்கு நாட்டோட ஒரு கோடிலேர்ந்து இன்னொரு கோடிக்கு கம்ப்யூட்டர் லைன் போட்டாங்க. முடிஞ்ச படத்தை ஃப்ரேம் ஃப்ரேமா ஸ்கிரீன்லேர்ந்து ஃபிலிம்ல பிடிச்சாங்க. உன் கிளாஸ்ல இதைப் போய்ச் சொல்லும்மா, எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்.

இவ்ளோ உழைச்ச படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் ஏன் கிடைக்கலை?
*(ஒரு வாசகர், திருச்சி)*

நாமினேஷனே கிடைக்கலைங்க. டிரஸ்ஸுக்கும் சவுண்டுக்கும் மட்டும்தான் நாமினேட் பண்ணாங்க. கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினது ஏமாத்து வேலைன்னு அகாடமி அப்போ நினைச்சதா லிஸ்பெர்கரே பின்னாடி சொல்லியிருக்கார். டிஸ்னிக்குள்ளேயே பெரும்பாலான அனிமேட்டர்கள் இந்தப் படத்துல வேலை செய்ய வரலை, கம்ப்யூட்டர் நம்ம வேலையைப் பிடுங்கிடும்ங்கிற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், இன்னைக்கு ஏஐ விஷயத்துல அதே பயத்தோட இருக்கிறவங்களை நமக்குத் தெரியும்.

படத்துல ப்ரோகிராம்ங்க எல்லாம் 'யூசர்'னு ஒருத்தர் இருக்காரா இல்லையான்னு பேசிக்குது. இது கடவுளைப் பத்தின படமா?
*(ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)*

ஆமாங்கம்மா, அப்படியேதான், படம் அதை மறைக்கவும் இல்லை. யூசரை, அதாவது தங்களை எழுதின மனுஷங்களை, நம்பற ப்ரோகிராம்களைத்தான் பிடிச்சு கேம்ல சாகவிடறாங்க. அங்கே ராம்னு ஒரு ப்ரோகிராம் வரும், இன்சூரன்ஸ் கம்பெனில பிரீமியம் கணக்குப் போடறது, ஜனங்க அவங்க எதிர்காலத்துக்குத் திட்டம் போட உதவறது எவ்ளோ சந்தோஷம் தெரியுமான்னு பெருமையா பேசும். கம்ப்யூட்டர்னா பயங்கரம்னு எல்லா படமும் காட்டிட்டிருந்த காலத்துல, ஒரு கணக்குப் போடற ப்ரோகிராமுக்கு இவ்ளோ கனிவான மனசைக் கொடுத்தாங்களேன்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் தோணும். அப்புறம் ட்ரானுக்கு ஃபிளின் ஒரு யூசர்னு தெரிய வர்ற இடம். இப்போ நடக்கிறதெல்லாம் உங்க திட்டப்படிதான் நடக்குதான்னு ட்ரான் கேக்கும். அட, நாங்களும் எது சரின்னு படுதோ அதைச் செஞ்சுக்கிட்டுப் போறோம், அவ்ளோதான்னு ஃபிளின் சொல்லுவார். படைச்சவனுக்கே வழி தெரியலைன்னு தெரிஞ்சதும் ட்ரான் முகத்தைப் பாருங்க. புரூஸ் பாக்ஸ்லைட்னர் நல்லா செஞ்சிருப்பார்.

'ஏரிஸ்'ல இதைத் திருப்பிப் போட்டிருக்காங்க, அங்கேயிருந்து ப்ரோகிராம் நம்ம உலகத்துக்கு வருது. அந்தக் கேள்வியை இவங்க எவ்ளோ ஆழமா எடுத்துட்டுப் போறாங்கன்னு பார்க்கத்தான் நான் காத்துட்டிருக்கேன், பைக் சேஸிங் எல்லாம் எனக்கு அப்புறம்தான்.

1982-ல முதல் படம், 2010-ல ரெண்டாவதா 'ட்ரான்: லெகசி', 2025-ல மூணாவது. ஏன் இவ்ளோ இடைவெளி? 'லெகசி'யையும் பார்க்கணுமா?
*(ஒரு வாசகர், ஈரோடு)*

பணம்தான். முதல் படம் சுமார் 1.7 கோடி டாலர்ல எடுத்து அமெரிக்காவுல சுமார் 3.3 கோடிதான் வசூல், டிஸ்னி எதிர்பார்த்தது அதை விட ரொம்ப ஜாஸ்தி. 1982 ஜூலை 9 ரிலீஸ், அதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஸ்பீல்பெர்க்கோட 'ஈ.டி.' வந்து ஊரையே இழுத்து வச்சிருந்துச்சு. ஆனா படத்தைப் பார்த்த பசங்க வளர்ந்து ப்ரோகிராமர் ஆனாங்க, டைரக்டர் ஆனாங்க, மறக்கலை. 2008-ல சான் டியாகோ காமிக்-கான்ல ஒரு டெஸ்ட் காட்சியைப் போட்டப்போ கிடைச்ச வரவேற்புலதான் 'லெகசி' உறுதியாச்சு. அது 40 கோடி டாலர் வசூல் பண்ணியும் மூணாவது படத்தை 2015-ல நிறுத்திட்டாங்க. அப்புறம் ஆளை மாத்தி, கதையை மாத்தி, 2023-ல ஹாலிவுட் ஸ்டிரைக்ல தள்ளிப் போயி, 2024 ஆரம்பத்துல வான்கூவர்ல ஷூட்டிங் ஆரம்பிச்சாங்க.

'லெகசி' பார்க்கலாம், டாஃப்ட் பங்க் மியூசிக்குக்காகவே பார்க்கலாம். அதுல டிரஸ் நிஜமாவே லைட் எரியற டிரஸ். ஆனா ஃபிளின்னா நடிச்ச ஜெஃப் பிரிட்ஜஸை இளமையா காட்டறேன்னு ஒரு கம்ப்யூட்டர் முகம் செஞ்சாங்களே, வாயும் கன்னமும் ஒட்டவே ஒட்டாது, அது பத்து வருஷத்துக்குள்ளேயே பழசாயிடுச்சு. 1982 படம் அப்படி ஆகலை. அது நிஜம் மாதிரி காட்ட முயற்சியே பண்ணலை, மெஷினால என்ன வரைய முடியுமோ அதையே ஒரு உலகமா கட்டிடுச்சு, அதனால எதோட ஒப்பிட்டு அதைக் குறைன்னு சொல்ல முடியும்?

அந்தப் படத்தால சினிமாவுல உண்மையிலேயே ஏதாவது மாறிச்சா, இல்லை ரசிகர்கள் ஏத்திச் சொல்றதா?
*(ஒரு வாசகர், புதுச்சேரி)*

நீங்க புதுச்சேரிலேர்ந்து கேட்டது ரொம்பப் பொருத்தம். ஆங் லீ உங்க ஊர்ல வந்து எடுத்த 'லைஃப் ஆஃப் பை' படத்துல அந்தப் புலியைச் செஞ்சது ரிதம் அண்ட் ஹியூஸ். அந்தக் கம்பெனியை 1987-ல ஆரம்பிச்சவங்க ராபர்ட் ஏபெல் கம்பெனியிலேர்ந்து வெளியே வந்தவங்க, 'ட்ரான்'ல வேலை பார்த்த அதே ஏபெல். 2013-ல அந்தப் புலிக்கு ஆஸ்கர் கிடைச்சுது, ஆனா அதே மாசம்தான் கம்பெனி திவால் மனு கொடுத்திருந்துச்சு, அது நினைச்சா இப்பவும் வலிக்கும்.

ஏபெல்ல இருந்த பில் கோவாக்ஸ் வெளியே போய் வேவ்ஃப்ரண்ட்னு ஒரு கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிச்சார், அதுவும் ஏலியஸ்ங்கிற இன்னொரு கம்பெனியும் சேர்ந்த இடத்துலதான் மாயாங்கிற 3டி அனிமேஷன் சாஃப்ட்வேர் பிறந்தது. சென்னைல எந்த ஸ்டுடியோல கேட்டாலும் மாயா தெரியாத ஆள் இருக்க மாட்டாங்க. மேஜில இருந்தவங்க சேர்ந்து ப்ளூ ஸ்கை ஆரம்பிச்சு 'ஐஸ் ஏஜ்' எடுத்தாங்க. அப்போ டிஸ்னில சின்ன அனிமேட்டரா இருந்து, பின்னாடி 'டாய் ஸ்டோரி' எடுத்த ஜான் லாசெட்டர் லைட் சைக்கிள் காட்சியைப் பார்த்துட்டுத்தான் தன் வழி இதுன்னு முடிவு பண்ணார், 'ட்ரான்' இல்லைன்னா 'டாய் ஸ்டோரி' இல்லைன்னு அவரே சொல்லியிருக்கார். ஏத்திச் சொல்றது ஒண்ணுமில்லைங்க.

வீட்ல எப்படிப் பார்த்தா நல்லாருக்கும்? எட்டு வயசுப் பொண்ணு இருக்கா.
*(ஒரு வாசகி, சேலம்)*

பொண்ணோட தாராளமா பார்க்கலாம்மா, ரத்தம், ஆபாசம் எதுவும் கிடையாது, மாஸ்டரோட குரல் மட்டும் கொஞ்சம் மிரட்டலா இருக்கும். ஃபோன்ல வேண்டாம், படத்துல பாதி கருப்பு, சின்ன ஸ்கிரீன்ல வெளிச்சத்துல பார்த்தா ஒண்ணும் தெரியாது. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு டிவில போடுங்க, டிவி செட்டிங்ஸ்ல அசைவை வழவழன்னு ஆக்கிற ஆப்ஷன் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, அது அந்தக் கை வேலையோட மினுக்கலை எல்லாம் கெடுத்துடும். வெண்டி கார்லோஸ் போட்ட மியூசிக் இருக்கு, ஸ்பீக்கர் இருந்தா கனெக்ட் பண்ணுங்க. யெஸ், நோ ரெண்டே வார்த்தை பேசற 'பிட்'னு ஒரு குட்டி கேரக்டர் வரும், உங்க பொண்ணுக்கு அது ரொம்பப் பிடிக்கும், வர்றது கொஞ்ச நேரம்தான், அப்போ அவளைத் தண்ணி குடிக்க அனுப்பிடாதீங்க.