2023 விதிமாற்றத்துக்குப் பிறகு பேஸ்பாலில் ‘பேஸ் திருட்டு’ ஏன் பெருகியது?
பேட்டர் பந்தை அடிக்கும்வரை காத்திராமல், பிட்சர் (பந்து வீசுபவர்) வீசும் வேளையில் ஓட்டக்காரர் ஒரு பேஸிலிருந்து (ஓடும்போது தொட வேண்டிய தளம்) அடுத்ததற்கு ஓடிச் சேர்வதே பேஸ் திருட்டு. அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலில் 2022இல் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டுகள் அடுத்த ஆண்டே 3,503 ஆக உயர்ந்ததற்கு, பேஸின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானதைப் பலர் காரணம் காட்டுகிறார்கள். ஆனால், பிட்சருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடே முதன்மையானது என்று கருதுகிறேன். ஒரு பேட்டர் ஆடும்போது, முதல் பேஸில் நிற்பவரைத் தடுத்து வைக்கப் பிட்சர் இருமுறை மட்டுமே அங்கே பந்தை எறியலாம். மூன்றாம் முறை எறிந்தும் அவரை அவுட்டாக்கத் தவறினால், அடுத்த பேஸ் அவருக்குத் தானாகவே கிடைத்துவிடும். எனவே, இரண்டு வாய்ப்புகளும் தீர்ந்தவுடன் ஓட்டக்காரர் துணிந்து அடுத்த பேஸை நோக்கி இன்னும் சற்றுத் தள்ளி நிற்கிறார். ஒவ்வொரு வீச்சுக்கும் நேர வரம்பு வைக்கும் கடிகாரமும் வந்துவிட்டதால், பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவரைத் தவிக்கவிடும் பழைய உத்தியும் இப்போது பெரிதாகப் பலிப்பதில்லை. 2023இல் அட்லாண்டா அணியின் ரொனால்ட் அக்குன்யா 41 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடித்து, எல்லா பேஸ்களையும் சுற்றி வந்து எடுக்கும் ரன்) அடித்ததோடு 73 பேஸ்களையும் திருடினார். ஒரே பருவத்தில் 40 ஹோம் ரன்னையும் 70 திருட்டையும் எட்டியவர் அதற்கு முன் எவரும் இல்லை.