அடிக்கவில்லை, காட்டினேன்: தற்காப்புக்காக ஆயுதம் எடுப்பது பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

திருநெல்வேலியில் 22 வருடமாகக் குற்ற வழக்குகள் நடத்தி வருகிறேன். "நான் அடிக்கவே இல்லை சார், எடுத்துக் காட்டினேன், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டு வராத மாதமே கிடையாது. அப்படி வருபவர்களில் சிலர் நிரபராதிகள், சிலர் அப்படியல்ல. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதை நீங்கள் கேட்டதை வைத்தே சொல்லப் பார்க்கிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 96 முதல் 106 வரையான பிரிவுகள் இப்போது 34 முதல் 44 வரை. எண்கள்தான் மாறின, தற்காப்புரிமை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

கேள்வி (கோபிசெட்டிபாளையம் பக்கம்): சார், நான் வெளியூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள். பல்லடம், சிவகிரி சம்பவங்களுக்குப் பிறகு அப்பா தலைமாட்டில் அரிவாள் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார். ராத்திரியில் எவனாவது வந்து, அதைக் காட்டி விரட்டினால் அப்பா மேல் கேஸ் வருமா?

பதில்: தம்பி, உங்கள் பயம் நியாயமானது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரே குடும்பத்தில் மூன்று பேர், 2025இல் சிவகிரி அருகே ஒரு வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள். இரண்டும் தோட்டத்து வீடுகளில் நடந்தவை. அந்தச் செய்திகளைப் படித்த எவருக்கும் பெற்றோரைத் தனியே விட்டுவிட்டுத் தூக்கம் வராது.

பதில் நேரடியானது. கதவை உடைத்து நுழைபவனைப் பார்த்து உங்கள் அப்பா அரிவாளைத் தூக்கினால் அது குற்றமில்லை. தற்காப்புரிமையைப் பயன்படுத்திச் செய்யும் எதுவும் குற்றமாகாது என்கிறது பிரிவு 34. அந்த உரிமை தன் உடலுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர் உடலுக்கும், வீடு வாசலுக்கும் உண்டு என்கிறது 35. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. முயற்சியோ மிரட்டலோ இருந்து, அதனால் நியாயமான அச்சம் வந்த நொடியிலேயே உரிமை தொடங்கிவிடும் என்பது 40. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் ஒருவன் வீட்டை உடைத்து நுழைந்தால், தேவைப்பட்டால் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தடுக்கலாம் என்று 41 சொல்கிறது. அவ்வளவு தூரம் அனுமதிக்கும் சட்டம், காட்டி விரட்டியதற்காக அப்பாவைக் கூண்டில் ஏற்றாது.

ஆனால் 'நியாயமான' என்ற சொல்லைக் கவனியுங்கள். மோட்டார் போட வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரை இருட்டில் பார்த்து அரிவாளோடு பாய்ந்தால் கதை வேறு. அதோடு, அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே போகவே வேண்டாம். வெளி விளக்கைப் போட்டு, உள்ளிருந்தே சத்தம் கொடுத்து, 112க்கு அழைக்கச் சொல்லுங்கள். வயதானவர் கையில் இருக்கும் அரிவாள் எதிராளி கைக்குப் போய்விடும் ஆபத்தைச் சட்டப் புத்தகம் பார்த்துக்கொள்ளாது.

கேள்வி (தென்காசி): வீட்டில் அரிவாள், தேங்காய் வெட்டும் கத்தி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: வேண்டாம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்த பொருட்களை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. கம்பும் கைத்தடியும் அப்படித்தான். வாள், குத்துவாள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்தி, இவை வேறு வகை. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றுக்கு உரிமம் தேவை. துப்பாக்கிக்கு எங்கும் எப்போதும் உரிமம் வேண்டும்.

கேள்வி (சென்னை, பழைய மகாபலிபுரம் சாலை): அண்ணா, நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது பையில் மிளகு ஸ்பிரே வைத்திருக்கிறேன். தோழி ஒருத்தி சின்னக் கத்தி வைத்திருக்கிறாள். பின்னால் வருகிறவனிடம் எடுத்துக் காட்டலாமா?

பதில்: காட்டலாம் அம்மா, அச்சத்துக்குக் காரணம் இருந்தால். பின்னால் நடந்து வருவது மட்டும் போதாது. வழியை மறிக்கிறான், கையைப் பிடிக்கிறான், வண்டியில் ஏறச் சொல்லி இழுக்கிறான் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்பிரேயை எடுங்கள், தேவைப்பட்டால் அடியுங்கள். பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு ஆகிய மூன்றுமே, எதிராளியின் உயிர் போகும் அளவுக்குத் தற்காப்பை அனுமதிக்கும் பிரிவு 38இல் உள்ளவை. ஆசிட் வீச்சு 2013இல் பழைய சட்டத்திலேயே சேர்ந்தது.

ஸ்பிரேயை விளையாட்டுச் சாமானாக மட்டும் நினைக்காதீர்கள். 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு தகராறில் காவலாளி மீது ஸ்பிரே அடித்தவர், தற்காப்புக்காக அடித்தேன், வழக்கை ரத்து செய்யுங்கள் என்று கேட்டார். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை, மிளகு ஸ்பிரேயும் ஆபத்தான ஆயுதமே என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆட்டோக்காரரோடு வாடகைத் தகராறு, பார்க்கிங் சண்டை, இவற்றுக்கெல்லாம் அதை வெளியே எடுக்கக் கூடாது.

தோழியின் கத்தியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மல்லுக்கட்டில் அது யாரைக் கிழிக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்பிரே அடித்துவிட்டு ஓட நேரம் கிடைக்கும்.

கேள்வி (சங்கரன்கோவில்): ஐயா, வரப்புத் தகராறு. பங்காளிகள் மூன்று பேர் கம்போடு என் வயலில் இறங்கினார்கள். நான் மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்து, "கிட்ட வந்தா வெட்டிருவேன்" என்றேன். போய்விட்டார்கள். இப்போது என் மேல் 351(3) போட்டிருக்கிறார்கள். 7 வருடம் என்கிறார்களே?

பதில்: பழைய 506(2)தான் இப்போது 351(3). கொல்வேன், கொடுங்காயம் செய்வேன் என்ற மிரட்டலுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு, சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு. அதிகபட்சம் என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். நம் காவல் நிலையங்களில் வாய்த்தகராறு என்றாலே ஆபாசமாகத் திட்டியதற்கு 296(பி), மிரட்டியதற்கு 351(3) இரண்டையும் சேர்த்து எழுதுவது வாடிக்கையாகிவிட்டது.

உங்கள் வழக்கின் உயிர் ஒரு சொல்லில் இருக்கிறது. "கிட்ட வந்தா" என்றீர்கள். அது எல்லை வகுத்த பேச்சு, நீ வராவிட்டால் நானும் எதுவும் செய்ய மாட்டேன் என்று பொருள். அதே மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு "உன்னை இன்னைக்கு விட மாட்டேன்" என்றிருந்தால் நான் இவ்வளவு தைரியமாகப் பதில் எழுத மாட்டேன். சட்டமே இதைச் சொல்கிறது. தாக்க முனைதல் என்ற குற்றத்தை விளக்கும் பிரிவு 130, வெறும் வார்த்தை அந்தக் குற்றமாகாது, ஆனால் சைகைக்கு என்ன பொருள் என்பதை வார்த்தை காட்டிக்கொடுக்கும் என்கிறது. கம்பை எடுத்துக்கொண்டு "உன்னை அடிக்கப் போகிறேன்" என்பவனைத்தான் அங்கே உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள்.

"அவர்கள் கம்புதானே வைத்திருந்தார்கள், நீ இரும்பை எடுத்தாயே" என்று அரசு வழக்கறிஞர் கேட்பார். அதற்குத் தேவ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. லத்திக்கு எதிராக ஈட்டியைப் பயன்படுத்தியவரை, வரம்பு மீறினார் என்று உயர் நீதிமன்றம் தண்டித்தது. தலையில் விழும் லத்தி அடியும் உயிரை எடுக்கும், ஆயுதத்தின் பெயரை வைத்து மட்டும் அளக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நீங்கள் யாரையும் தொடக்கூட இல்லை.

உடனே செய்ய வேண்டியது: வயல் உங்கள் அனுபவத்தில் இருப்பதற்கான பட்டா, அடங்கல், கிஸ்தி ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவர்கள் அத்துமீறி நுழைந்ததற்கு நீங்களும் புகார் கொடுங்கள், வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இரண்டு தரப்புப் புகாரும் பதிவானால் இரண்டையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிப்பதுதான் முறை. உங்கள் பக்கம் காகிதமே இல்லாமல் போனால், நீதிபதி முன் அவர்கள் கதை மட்டும்தான் இருக்கும்.

கேள்வி (கோவை): என்னிடம் உரிமம் பெற்ற ரிவால்வர் இருக்கிறது. சாலையில் பைக் உரசி நான்கு பேர் காரைச் சூழ்ந்தார்கள். இடுப்பில் இருந்ததைத் தெரிகிற மாதிரி காட்டினேன். தவறா?

பதில்: சூழ்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. கண்ணாடியை உடைத்து உங்களை வெளியே இழுத்தார்களா, அல்லது திட்டினார்களா? திட்டியதற்கு என்றால் தவறு, பெரிய தவறு.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள்படி கைத்துப்பாக்கி பொது இடத்தில் உறைக்குள், மறைவாக இருக்க வேண்டும். பொது இடத்தில் அதை வீசிக் காட்டுவதற்கு வெளிப்படையான தடை இருக்கிறது. அதை மீறினால் வழக்கு ஒரு பக்கம், உரிமம் ரத்து இன்னொரு பக்கம். உண்மையான உயிராபத்தில் அந்தத் தடை உங்களைக் கட்டிப்போடாது. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில், தன் அப்பாவை வெட்டிக்கொண்டிருந்தவனை உரிமம் பெற்ற துப்பாக்கியால் சுட்ட மகனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. தற்காப்பு பற்றிய பத்துக் கோட்பாடுகளை அந்தத் தீர்ப்பில் தொகுத்தும் கொடுத்தது. அப்படிப்பட்ட ஒரு கணம் உங்கள் காருக்குள் இருந்ததா என்பதை நீங்களே நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (மதுரை): பொம்மைத் துப்பாக்கி காட்டினால்?

பதில்: மிரட்டலுக்கு ஆளானவர் மனதில் எழும் அச்சத்தைத்தான் சட்டம் பார்க்கிறது. பொம்மை என்பது அவருக்குத் தெரியாதே. எதிரில் இருப்பவனிடம் நிஜத் துப்பாக்கி இருந்தால் உங்கள் கதி என்ன என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். ஆறேழு பேர் மாமூல் கேட்டு வந்து ஷட்டரை அடிக்கிறார்கள். நான் அரிவாளோடு வாசலில் நின்றால்?

பதில்: இதற்கு நேரான முன்மாதிரி 1952ஆம் ஆண்டு அம்ஜத் கான் வழக்கு. 1950 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் கலவரம். கூட்டம் பக்கத்துக் கடையைக் கொள்ளையடித்துவிட்டு அவர் கடைக் கதவை இடிக்க ஆரம்பித்தது. அவர் துப்பாக்கியால் சுட்டார், ஒருவர் இறந்தார். கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தன. கதவு உடைந்து, கூட்டம் உள்ளே வந்து, தன் குடும்பத்தை வெட்டத் தொடங்கும்வரை அவர் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த நேரத்துப் பதற்றத்தில் இருப்பவன் செய்ததைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் இன்றுவரை சொல்லி வருகின்றன.

ஆனால் உங்கள் நிலையில் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள் என்றால், போலீசுக்குப் போக உங்களுக்கு நேரம் இருந்தது. அரசின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போது தற்காப்புரிமை இல்லை என்கிறது பிரிவு 37. சிசிடிவி பொருத்துங்கள், முன்கூட்டியே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். பிறகு ஒருநாள் ஷட்டர் உடையும்போது அரிவாளோடு நிற்கும் உங்களை அந்த ரசீதுதான் காப்பாற்றும்.

கேள்வி (நாகர்கோவில்): செயின் பறித்துக்கொண்டு ஓடுகிறவனைக் கம்பியோடு துரத்தலாமா?

பதில்: பிடிக்க, நகையை மீட்கத் துரத்தலாம். பிடிபட்ட பிறகு அடிப்பது தற்காப்பு அல்ல. ஆபத்து நீங்கிய கணம் உரிமையும் முடிகிறது. ஜெய் தேவ் வழக்கில் 1962இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

இதில்தான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். என்னிடம் வந்த ஒரு டீக்கடைக்காரர், கடையில் தன்னை அடிக்க வந்தவனை அரிவாளைக் காட்டி விரட்டினார். அதுவரை அவர் மேல் ஒரு தவறும் இல்லை. அரை மணி நேரம் கழித்து, அதே அரிவாளோடு அவன் தெருவுக்குப் போய் வாசலில் நின்று கத்தினார். தெருவே சாட்சி. கடையில் நடந்ததை எவ்வளவு அழகாக நிரூபித்தாலும் அந்தத் தெருவை என்னால் துடைக்க முடியவில்லை. அவர் பெண் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா சிறையில் இருக்கும்போது பரீட்சை எழுதினாள். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

கேள்வி (விருதுநகர்): ராத்திரி மப்டியில் போலீஸ் வந்து, நாம் திருடன் என்று நினைத்துக் கத்தியைக் காட்டிவிட்டால்?

பதில்: நல்லெண்ணத்தோடு கடமை செய்யும் அரசு ஊழியருக்கு எதிராகத் தற்காப்புரிமை பெரும்பாலும் இல்லை. ஆனால் அவர் போலீஸ் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவோ, நம்பக் காரணம் இருக்கவோ வேண்டும் என்று பிரிவு 37இன் விளக்கம் சொல்கிறது. தெரிந்த கணமே கீழே போட்டுவிடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): ஐயா, என் மகன் பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போட்டிருக்கிறான். கேட்டால் "நம்மள யாரும் தொடக் கூடாதுல்ல, தற்காப்புதான்" என்கிறான்.

பதில்: இது தற்காப்பு இல்லை அம்மா. இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள். எதிரில் ஆபத்து எதுவும் இல்லாமல் காட்டும் ஆயுதம் மிரட்டல்தான். நாளைக்கு அவன் உண்மையிலேயே தாக்கப்பட்டுத் தற்காத்துக்கொண்டாலும், அந்த வீடியோவைத்தான் முதலில் நீதிபதி முன் ஓடவிடுவார்கள். வேண்டுமானால் அவனை என்னிடம் அழைத்து வாருங்கள், பேசுகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம்.

கேள்வி (சங்கரன்கோவில், மறுபடியும்): ஐயா, மண்வெட்டியைத் தூக்கவே இல்லை என்று சொல்லிவிடச் சொல்கிறார் சொந்தக்காரர் ஒருவர். அப்படிச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். தூக்கவே இல்லை என்பதும், தற்காப்புக்காகத் தூக்கினேன் என்பதும் ஒன்றோடொன்று மோதும். ஒரு சாட்சி பார்த்தேன் என்றுவிட்டால் உங்கள் பேச்சில் எதையும் நீதிபதி நம்ப மாட்டார். தற்காப்பை நிரூபிக்கும் சுமை புதிய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி உங்கள் மேல்தான். ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றும் அளவுக்குக் காட்டினால் போதும். 1967இல் முன்ஷி ராம் வழக்கிலேயே இது முடிவானது. மூன்று பேர், கம்பு, உங்கள் வயல், நீங்கள் சொன்ன "கிட்ட வந்தா". நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அடங்கல் நகலோடு திங்கட்கிழமை காலை வாருங்கள், முன்ஜாமீன் மனுவை அன்றைக்கே தயார் செய்துவிடலாம்.