டிவியில் பார்த்து வாங்கிய விநோதப் பொருட்கள்: கேள்வி பதில்

கேள்வி: தலையாட்டித் தண்ணீர் குடிக்கும் கண்ணாடிப் பறவை பத்து தரம் ஆடிவிட்டு நின்றுவிடுகிறது. பேட்டரி எங்கே போடுவது?

பதில்: பேட்டரியே கிடையாது, அழகே அதில்தான். உள்ளே இருப்பது டைகுளோரோமீத்தேன், 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் திரவம். தலையில் ஒட்டிய ஈரத்துணி காயக் காயத் தலை குளிரும். உள்ளே ஆவியின் அழுத்தம் குறைய, அடிக்குமிழில் இருக்கும் திரவம் குழாய் வழியே ஏறும். தலை கனத்துக் கவிழும். கவிழ்ந்ததும் குழாயின் கீழ்முனை திரவத்தை விட்டு வெளியே வரும். ஒரு குமிழி மேலே ஓட, திரவம் சரசரவென்று இறங்கிப் பறவை நிமிரும்.

முதலில் டம்ளரில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்புங்கள். அலகு நனைந்தே ஆக வேண்டும். ஈரக்காற்றில் ஓடாது, மின்விசிறிக் காற்றில் நன்றாக ஓடும். கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி வைத்தாலும் நின்றுபோகும். துணியில் உப்புப் படிந்திருந்தால் காய்ச்சி வடித்த நீருக்கு மாறுங்கள். கவிழ மறுத்தால் நடுவிலுள்ள உலோகப் பிடியை ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்குங்கள். நிமிர மறுத்தால் மேலே ஏற்றுங்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், அந்த ஆவி நச்சு.

கேள்வி: லாவா விளக்கைப் போட்டு அரை மணி நேரம் ஆகிறது. மெழுகு அசையவே இல்லை. குலுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. சூட்டில் குலுக்கினால் மெழுகு துகளாகி நீர் கலங்கிவிடும், பிறகு தெளிவது கடினம். முதல் ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் பொறுங்கள். எல்.இ.டி. பல்பு மாட்டியிருந்தால் மெழுகு உருகாது. அதற்கு வேண்டியது வெளிச்சமல்ல, சூடு. அடியில் எழுதியிருக்கும் வாட்டில் இழை பல்பைப் போடுங்கள்.

கேள்வி: பாட்டுப் பாடும் மீன் வாயைத் திறந்ததும் திக்குகிறது.

பதில்: மோட்டார் இழுக்கும்போது பேட்டரி தாங்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பேட்டரி முனையில் வெள்ளைப் பூச்சு இருந்தால் ஆல்கலைன் கசிவு: பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, உலரவிட்ட பிறகே புதியது போடுங்கள்.

கேள்வி: திரையில் உள்ளங்கையளவு தெரிந்த பொம்மை, கட்டைவிரல் அளவில் வந்தது. ஏமாற்றா?

பதில்: பெரும்பாலும் கேமராவின் வேலை. பக்கத்தில் கையோ நாணயமோ இல்லாத குளோசப்பை நம்பாதீர்கள். மில்லிமீட்டர் அளவு எழுதிக் காட்டும் வரை போனைத் தொடாதீர்கள்.

கேள்வி: இந்த வியாபாரம் எப்படித் தொடங்கியது?

பதில்: 1977, ஃபுளோரிடா. வானொலி நிலையத்துக்கு விளம்பரக் கட்டணம் கட்ட முடியாத ஒருவர், பணத்துக்குப் பதில் டின் திறக்கும் மின்கருவிகள் 112 கொடுத்தார். அவற்றை ஒலிபரப்பிலேயே விற்றார்கள். டிவி அலைவரிசை 1982இல் வந்தது.

கேள்வி: சி.இசட். (கியூபிக் சிர்கோனியா என்ற செயற்கைக் கல்) மோதிரத்தை வைரம் என்று சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: பார்வைக்குத் தப்பும், தராசுக்குத் தப்பாது. அதே அளவு வைரத்தைவிடச் சுமார் 1.6 மடங்கு கனம். கல்லைக் கழற்றி எடைபோட்டால் கதை முடிந்தது.