மழையில் பாதியில் நிற்கும் வைப்பர்

கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடையது 2008-ல் பதிவான ஜப்பானியக் கார். சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிறேன். தூறலில் வைப்பருக்கு ஒரு குறையும் இல்லை. பெருமழையில் விடாமல் ஓட்டினால் கால் மணி நேரத்தில் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் கழித்துத் தானாக ஓடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடுகிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கால் மணி நேரம் ஓடியபின் நிற்கிறது, ஆறியபின் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். பல வைப்பர் மோட்டார்களுக்குள் சூடேறினால் வளையும் சிறிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துச் சூடானால் அந்தத் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறியதும் மறுபடி சேரும். உங்கள் காரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். மோட்டாருக்கு இவ்வளவு சுமை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் புது மோட்டார் போட்டால், வடகிழக்குப் பருவமழையில் அதுவும் நிற்கும்.

தூறலில் விட்டு விட்டு ஓடுவதால் ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவே மோட்டார் ஆறிக்கொள்கிறது. பட்டறையில் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தால் மோட்டார் சூடாவதற்குள் சோதனை முடிந்துவிடுகிறது, அதனால்தான் அங்கே கோளாறு தெரிவதில்லை.

பழைய கார்களில் இந்தச் சுமை பெரும்பாலும் வருவது வைப்பர் கை மாட்டியிருக்கும் ஸ்பிண்டிலில் இருந்து. அலுமினியக் கூட்டுக்குள் எஃகுத் தண்டு சுழல்கிறது. மேலே உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்ததும் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகப் பொங்கித் தண்டை இறுக்கிப் பிடிக்கிறது. ஆண்டில் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில், திறந்தவெளியில் நிற்கும் காருக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம்.

சோதிக்கும் முறை இது. வைப்பர் கீழே படுத்திருக்கும் நிலையில் நிறுத்தி, பிளேடு படும் இடத்தில் கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வைப்பர் கையின் அடியிலுள்ள மூடியை நெம்பி எடுத்து நட்டைக் கழற்றுங்கள். கை இறுகியிருந்தால் கண்ணாடியில் ஊன்றி நெம்பாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். சிறிய புல்லர் (கையை மேலே இழுத்துக் கழற்றும் கருவி) போதும். கண்ணாடிக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் தட்டை எடுத்தால் மோட்டாரும், அதன் அசைவை வைப்பர் கைகளுக்குக் கொண்டுசெல்லும் கம்பி இணைப்பான லிங்கும் கண்ணுக்குத் தெரியும்.

மோட்டாரின் கிராங்க் கையிலிருந்து (மோட்டார் தண்டில் சுழலும் சிறு கை) லிங்கின் பந்து மூட்டை மட்டும் தட்டையான ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கழற்றுங்கள். கிராங்கை மோட்டார் தண்டிலிருந்து கழற்ற வேண்டாம். கழற்றினால், திரும்ப மாட்டும்போது நிற்கும் இடம் மாறிவிடும். இப்போது இரண்டு ஸ்பிண்டில்களையும் விரலால் திருப்பிப் பாருங்கள். நல்ல ஸ்பிண்டில் விரலுக்கே சுழலும். பிளையர் தேவைப்பட்டால் குற்றவாளி அதுதான். பிறகு பேட்டரியை மாட்டி, லிங்க் இல்லாமல் மோட்டாரை மட்டும் 20 நிமிடம் ஓட விடுங்கள். கிராங்க் கை விரலை நசுக்கக்கூடியது, கையை எட்டவே வையுங்கள். நிற்காமல் ஓடினால் மோட்டார் பெரும்பாலும் நல்ல மோட்டார்தான்.

இறுகிய ஸ்பிண்டிலைக் கழற்ற, மேலே உள்ள சர்க்கிளிப்பையும் (தண்டைப் பிடித்துவைக்கும் வளையம்) வாஷரையும் எடுத்துத் தண்டைக் கீழே இறக்க வேண்டும். தண்டை 400-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, கூட்டின் உட்புறத்தைத் துடைத்து, தண்ணீரில் கரையாத கிரீஸ் தடவி, புது ரப்பர் வளையம் போட்டு மாட்டுங்கள். ஸ்ப்ரே எண்ணெயை மேலாக அடித்துவிட்டு விடுவதில் பயனில்லை. சில வாரம் இளகியிருக்கும், மழையில் கழுவிப்போய் மறுபடி இறுகும். தண்டு கூட்டுக்குள் ஆடினால், அல்லது பந்து மூட்டின் நைலான் புஷ் தேய்ந்திருந்தால், லிங்க் முழுவதையும் மாற்றுவதே நல்லது.

மோட்டார் தனியாக ஓடும்போதும் நின்றால் அடுத்து மின்சாரப் பக்கம். இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு. பத்து இழை அறுந்து ஒரே இழை மிஞ்சிய வயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும், ஆனால் அதனால் மோட்டாரை ஓட்ட முடியாது. 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். வைப்பர் நின்ற அந்தக் கணத்தில், சுவிட்சை அணைக்காமல், மோட்டார் பிளக்கில் மின்சாரம் வரும் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பல்பை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது. அடுத்து பேட்டரி பாசிட்டிவுக்கும் மோட்டாரின் எர்த்துக்கும் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) இடையே வையுங்கள். மங்கினால் எர்த் கெட்டிருக்கிறது. இரண்டிலும் பளிச்சென்று எரிந்து மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால்தான் கோளாறு மோட்டாருக்குள். வயர் நிறங்கள் காருக்குக் கார் மாறும், உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும்.

மீட்டரை உருப்படியாகப் பயன்படுத்த வேண்டுமானால் வைப்பர் ஓடும்போது அளக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் நுனியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, போல்ட்டை இறுக்குங்கள். பாசிட்டிவ் பக்கத்தில் 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் பிளக், பியூஸ் பெட்டி, சுவிட்ச் என்று வரிசையாகத் தேட வேண்டும்.

மோட்டாருக்குள்தான் என்று உறுதியானால், ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. உள்ளே மூன்று பிரஷ் உண்டு: ஒன்று பொது, ஒன்று மெது வேகத்துக்கு, ஒன்று அதிக வேகத்துக்கு. மெது வேகத்தில் நின்று அதிக வேகத்தில் ஓடினால் அல்லது மாறி நடந்தால், அந்தந்த பிரஷையும் சுவிட்சில் அந்த வேகத்துக்கான தொடுமுனையையும் சந்தேகியுங்கள். பிரஷ் உரசும் செப்பு வளையத்தைத் தேய்க்க எமரித் தாள் கூடாது. அதன் துகள் மின்சாரம் கடத்தக்கூடியது. மரம் தேய்க்கும் நுண்ணிய உப்புத்தாள் போதும். ரிவிட் அடித்து மூடிய மோட்டாரைப் பிரிக்க முயல வேண்டாம், முழுசாக மாற்றுங்கள். ஜொகூரில் ஹாஃப்-கட் கடையில் (பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் கடை) பழையது வாங்குவதாக இருந்தால் பாக எண், பிளக்கின் முனைகள், கிராங்கின் திசை மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

கேள்வி: விட்டு விட்டு ஓடும் நிலையில் மட்டும் வைப்பர் அசைவதே இல்லை. மற்ற இரண்டு வேகமும் நன்றாக ஓடுகின்றன.
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: மோட்டார், பியூஸ், எர்த் மூன்றும் நன்றாக இருப்பது இதிலிருந்தே தெரிகிறது. மிச்சம் டைமர் ரிலே, சுவிட்ச் இரண்டும்தான். கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் பொத்தானை இழுங்கள். பெரும்பாலான கார்களில் தண்ணீர் அடித்தபின் இரண்டு மூன்று முறை துடைக்க வைப்பதும் அதே டைமர்தான். அப்போது துடைத்தால் டைமருக்கு உயிர் இருக்கிறது, சுவிட்சின் தொடுமுனையைப் பாருங்கள். அப்போதும் துடைக்காவிட்டால் டைமரைச் சந்தேகிக்கலாம்.

டைமர் சில கார்களில் பியூஸ் பெட்டியில் தனி ரிலேயாக இருக்கும். பல ஜப்பானியக் கார்களில் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் உள்ள வைப்பர் சுவிட்சுக்குள்ளேயே இருக்கும். தனி ரிலே என்றால் அதன் மேல் விரல் வைத்துப் பாருங்கள். டக் டக் என்று துடித்தும் வைப்பர் ஓடாவிட்டால் அதன் உள்முனைகள் கருகியிருக்கலாம். மூடியைத் திறந்து சால்டர் பொட்டுகளைக் கவனியுங்கள். ஊசிகளைச் சுற்றி வளையமாக விரிசல் தெரிந்தால் மறுபடி சால்டர் வைத்தாலே சரியாகிவிடும். இடைவெளி தாறுமாறாக மாறுகிறதென்றால் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் வெயிலில் காய்ந்திருக்கும்.

சுவிட்சைக் கழற்ற ஸ்டியரிங்கை எடுக்க வேண்டிய கார் என்றால் காற்றுப்பைக்குப் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். அந்த வேலையை வீட்டில் செய்யக்கூடாது.

மழை உணரி உள்ள காருக்கு இந்தப் பதில் பொருந்தாது. அண்மையில் முன்கண்ணாடி மாற்றியிருந்தால், உணரிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள ஜெல்லில் காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: சுவிட்சை அணைத்தால் வைப்பர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது, கீழே இறங்குவதில்லை.
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: நீங்கள் அணைத்தபின்னும் வைப்பரைக் கீழே கொண்டுவந்து விடுவது மோட்டாரின் பல்சக்கரப் பெட்டிக்குள் உள்ள பார்க் சுவிட்ச். பல்சக்கரத்தோடு ஒரு செப்புத் தகடும் சுழல்கிறது. வைப்பர் கீழே வரும்வரை அதன் வழியாகத் தனி வயரில் மின்சாரம் கிடைத்துக்கொண்டிருக்கும். கீழே வந்ததும் தகட்டின் வெட்டுப் பகுதி மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டாரை எர்த்தோடு இணைத்துச் சட்டென்று நிறுத்தும். பழைய கிரீஸ் கெட்டியாகித் தகட்டின் மேல் படிந்தால் தொடுமுனைக்கு மின்சாரம் எட்டாது. பெட்டி மூடியின் திருகுகளைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனரால் துடைத்து, தளர்ந்த தொடுமுனையை மிக லேசாக வளைத்து நிமிர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். அதற்கு முன் பிளக்கில் அந்தத் தனி வயருக்கு மின்சாரம் வருகிறதா என்று பல்பால் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில், ஆனால் தவறான உயரத்தில் நின்றால் பார்க் சுவிட்சில் கோளாறு இல்லை. யாரோ வைப்பர் கையை ஸ்பிண்டிலில் பல் மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: மழை பெய்தால் வைப்பர் பியூஸ் போகிறது. 20 ஆம்பியருக்குப் பதில் 30 போடலாமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: கூடவே கூடாது. வயரைக் காப்பதற்குத்தான் பியூஸ். பெரியது போட்டால் பியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

காரைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிறீர்களா? அதன் சிற்றிலைகள் கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டில் விழுந்து மக்கி, தண்ணீர் வெளியேறும் துளையை அடைத்துவிடும். மோட்டார் தண்ணீரிலேயே நிற்கும். குப்பையை அள்ளிவிட்டு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். முன்சக்கரத்தின் பின்பக்கம் உடனே ஒழுக வேண்டும். பிளக்கைப் பிரித்துப் பச்சைப் பூச்சு இருந்தால் துடைத்து, மின் இணைப்புக்கான சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். அதன்பின்னும் பியூஸ் போனால் லிங்க் இறுகியிருக்கிறதா என்று முதல் பதிலில் சொன்னபடி பாருங்கள்.

கேள்வி: விரைவுச்சாலையில் பெருமழையில் வைப்பர் நின்றுவிட்டால்?
– வாசகி, செங்காங்

பதில்: அபாய விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, சாலையோரத்துக்கு வாருங்கள். பாதுகாப்பாக முடிந்தால் காரைவிட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். விரைவுச்சாலையில் பழுதாகி நிற்கும் காரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி கட்டணமின்றி அருகிலுள்ள கார் நிறுத்துமிடம் வரை இழுத்துச் செல்லும். மழை விடும்வரை அங்கே நிறுத்தி வைக்கலாம். பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. கடைசி வாரத்துக்கு விடாமல், ஒரு மாதம் முன்பே கண்ணாடியை நனைத்து வைப்பரை 20 நிமிடம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.