கிட்டாரே இல்லாத ஒரு குழு: சில்வர் ஆப்பிள்ஸ்

அதிகம் பேருக்குத் தெரியாத, வினோதமான கருவிகள் வாசித்த சைகடெலிக் (அறுபதுகளில் வந்த, கனவு மயக்கம் போன்ற ராக் இசை) குழு எதையாவது தற்செயலாகக் கண்டுபிடித்ததுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது சில்வர் ஆப்பிள்ஸ்.

போர்ட்டிஸ்ஹெட் என்ற பிரிட்டிஷ் குழுவின் பாட்டு ஒன்றை நண்பனுக்குப் போட்டுக் காட்டியபோது, "இதோட தாத்தாவைக் கேளு" என்று சில்வர் ஆப்பிள்ஸின் 'ஆஸிலேஷன்ஸ்' பாட்டை அனுப்பினான். மெஷின் ஒன்று உறுமுகிறது, டிரம்ஸ் விடாமல் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. 1968-ல் வந்தது என்றால் நம்பவே முடியவில்லை.

நியூயார்க்கில் சாதாரண ராக் குழுவாகத்தான் இருந்திருக்கிறார்கள். பாடகர் சிமியன் காக்ஸ், நண்பர் ஒருவரின் பழைய ஆஸிலேட்டரை, அதாவது எலெக்ட்ரானிக் சாதனங்களைச் சோதிக்கப் பயன்படும் கருவியை, மேடையில் வைத்து ஊளையிடவிட ஆரம்பித்தார். கிட்டார்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியது டிரம்ஸ் வாசித்த டேனி டெய்லர் மட்டும்.

அப்புறம் அந்த ஒரு ஆஸிலேட்டர் ஒன்பதாகி, 86 பொத்தானும் குமிழுமாக ஒரு மேசை நிறைய வளர்ந்தது. கீபோர்டு கிடையாது. சுரங்களைத் தட்டித் திறக்க, தபால் நிலையத்தில் தந்தி அடிக்கப் பயன்பட்ட கட்டைகள். கை, முழங்கை, முழங்கால் எல்லாம் வேலை செய்யும், பேஸ் ஒலி பாதங்களுக்கு. இதில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) மாற்றி மாற்றி வாசிக்கிற வேலையெல்லாம் நடக்காது. அதனால் சுருதிப்பெட்டி மாதிரி சில சுரங்கள் நின்று ரீங்கரிக்க, அந்தச் சுரங்களுக்கே டேனி தன் டிரம்களையும் கூட்டி வைத்துக்கொண்டு பாட்டை நகர்த்துகிறார். என்னைப் பொறுத்தவரை இந்தக் குழுவின் பாதி உயிர் டேனிதான், மெஷினைப் பற்றியே எல்லோரும் பேசுவது எனக்கு வருத்தம்.

1969-ல் வந்த இரண்டாவது ஆல்பம் 'கான்டாக்ட்'. முன்னட்டையில் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் விமானக் காக்பிட்டில் இருவரும், பின்னட்டையில் விமான விபத்துச் சிதைவுகள். பான் ஆம் வழக்குப் போட்டது, குழுவும் சீக்கிரமே கலைந்துபோனது. முதலில் கேட்க வேண்டியது 1968-ல் வந்த முதல் ஆல்பம்தான், ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

தொண்ணூறுகளில் புதுத் தலைமுறை அவர்களைத் தேடிப்பிடித்த பிறகு சிமியன் மறுபடி மேடையேறினார். 2005-ல் டேனி இறந்துவிட்டார். அதற்குப் பிறகும், 2020-ல் தான் இறப்பதற்குச் சில காலம் முன்வரை, டேனியின் டிரம்ஸ் பதிவுகளை ஓடவிட்டு அதனோடு சேர்ந்துதான் சிமியன் தனியாக வாசித்தார்.