ஆழமில்லாத ஆற்றில் விடும் கழிவுநீர் எவ்வளவு தூரத்தில் முழுதாகக் கலக்கும்? கணினி மாடல் அதைச் சரியாகச் சொல்லுமா?

நான் எண்ணூர்க்காரன். நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிடுவதுதான் வேலை. ஆனாலும் இதற்கான பதிலை எனக்கு முதலில் காட்டியது பெரியப்பா. ஐப்பசி மழையில் கொசஸ்தலை ஆறு பெருகி வரும்போது, பக்கிங்காம் கால்வாய் வந்து சேரும் இடத்தில் படகை நிறுத்துவார். "ஆறு ஒண்ணுதான்டா, தண்ணி ரெண்டு" என்பார். ஒரு பக்கம் செம்மண் கலங்கல், மறுபக்கம் கறுப்பு, நடுவில் கோடு கிழித்த மாதிரி.

கணக்கும் அதையே சொல்கிறது. 100 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், விநாடிக்கு 0.3 மீட்டர் வேகம் என்று ஓர் ஆற்றை வைத்துக்கொள்ளுங்கள். அடித்தரை உராய்வு கிளப்பும் சுழல்கள் மேல்நீரையும் கீழ்நீரையும் சுமார் 60 மீட்டர் தூரத்திலேயே கலந்துவிடும். ஆனால் ஒரு கரையில் விட்ட கழிவு எதிர்க்கரை வரை சீராகப் பரவ 60 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். வளைந்து ஓடும் ஆற்றுக்கு வழக்கமாக எடுக்கும் குறுக்குக் கலப்புக் கெழு (அகலவாக்கில் எவ்வளவு வேகமாகக் கலக்கும் என்று காட்டும் எண்) 0.6-ஐப் போட்டாலே இவ்வளவு. நேரான வாய்க்காலுக்கு அது 0.15-தான், தூரம் நான்கு மடங்காகும்.

பாலத்துத் தூணுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி பொரியைத் தூவிப் பாருங்கள். பொரி வட்டமடித்து ஒதுங்கும், அப்புறம் மெல்ல நழுவிப் போகும். அந்தச் சுழலின் அகலம் ஆழத்தைவிடப் பல மடங்கு. தோசை மாதிரி தட்டையாக இருக்கும் இந்த மாதிரிச் சுழல்களும் சேர்ந்துதான் கழிவைக் குறுக்கே இழுத்துப் போகின்றன. அவற்றைத் தேய்த்து அடக்குவதும் அதே அடித்தரை உராய்வுதான்.

ஆழம் முழுவதற்கும் சராசரி எடுத்து ஓட்டும் மாடல்களில் பெரும்பாலானவை இந்தச் சுழல்களை நேரடியாகக் காட்டுவதில்லை. அவற்றின் வேலை முழுவதையும் ஒரே கெழுவில் அடைத்துவிடுகின்றன. அதனால் புத்தகத்தில் இருக்கும் எண்ணை அப்படியே போடாதீர்கள். ரோடமைன் சாயம் விட்டு, அகலவாக்கில் பல இடங்களில் தண்ணீர் எடுத்து, உங்கள் ஆற்றின் கெழுவை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு கரையில் மட்டும் ஒரு பாட்டில் பிடித்து "ஆறு சுத்தம்" என்று எழுதிய அறிக்கையைப் பார்த்திருக்கிறேன். எதிர்க்கரையில்தான் எங்கள் ஆட்கள் தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இன்னொன்று, மேலே போட்ட கணக்கு ஒரே திசையில் ஓடும் ஆற்றுக்குத்தான். முகத்துவாரத்தில் ஏற்றவற்றம் தண்ணீரைத் திருப்பித் தள்ளும், உப்புநீர் கனமாகக் கீழே தங்கும். மேலும் கீழும் கலந்துவிட்டது என்ற அடிப்படையே அங்கே உடைந்துபோகும். அந்த இடத்துக்கு ஆழவாக்கில் பல அடுக்குகள் வைத்த முப்பரிமாண மாடல் வேண்டும்.